இடது காதுக்கு விலை ஏறட்டும்

என் இடது காதை அவசரப்பட்டு விற்பதில்லை என்று 2001-ம் ஆண்டு பருத்தி எடுப்பின்போது முடிவெடுத்தேன். குடும்பத்தலைவன் என்ற முறையில் நானாகத் தனியாக எடுத்த முடிவு அது. கடைசியாக எடுத்த முடிவும் அதுதான்.

காது பழுதானது கார்கில் மலையடிவாரத்தில். நான் பீரங்கிப் படையில் ஹவில்தார். இரவு பகலாகப் பீரங்கி முழங்கிய அந்தக் கோடைக்குப் பிறகு, இடது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியேறியது. மற்றச் சத்தமெல்லாம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த வருஷம் ஓய்வு பெற்று, எட்டயபுரம் சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, விடுவிப்புத் தாளில் ‘இடது காது சற்று மந்தம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டி ஊனத்துக்கான பென்ஷன் கேட்கலாம்.

கேட்கலாம்தான். எப்போது கேட்பது என்பதில்தான் சண்டை.

கரிசல்காட்டில் பருத்தி எடுத்தவன் அன்றைக்கே விற்கமாட்டான். உள்ளறையில் கூரை முட்ட அடைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வாசலில் படுத்துக்கொண்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பான். என் அப்பா அப்படித்தான். எனக்கும் அதே ரத்தம். சற்று மந்தம் என்றால் சற்றுத்தான் கிடைக்கும். நாலைந்து வருஷம் போகட்டும். மந்தம் முற்றிச் செவிடாகும். சதவீதம் ஏறும். அப்போது கேட்டால் முழு விலை.

இதை என் மனைவி வெயிலுகந்தம்மாளுக்கு விளக்கினேன். அவள் அடுப்பில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை ஒடித்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

“உங்க அப்பா அடைச்சு வச்ச பருத்தி என்னாச்சு?”

“கூரை ஒழுகிட்டு. அதுக்கு அவரு என்ன செய்வாரு?”

“பழுத்துப்போயித் தலகாணிக்குத்தான் ஆச்சு. இப்பவும் நீங்க அதுலதான் தலைய வச்சுப் படுக்குதீங்க.”

பக்கத்து வீட்டு இசக்கிபாண்டியும் அவள் கட்சி. அவனும் பட்டாளத்துக்காரன். பனிமலையில் காவல் நின்று முழங்கால் முட்டு தேய்ந்தவன். ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆடு மேய்த்த பிறகு, ஒருநாள் நினைவு வந்து முட்டுக்குப் பென்ஷன் கேட்டுப் போனான். பனியில் தேய்ந்த முட்டா, ஆட்டுக்குப் பின்னால் ஓடித் தேய்ந்த முட்டா என்று கேட்டார்கள். சாட்சிக்கு ஆடுகள் மட்டுமே இருந்தன. இன்னும் அலைகிறான்.

“பட்டாளத்து வாடை மேல இருக்கும்போதே கேட்டுரணும் அண்ணாச்சி,” என்றான். “நாளாச்சுன்னா நம்ம முட்டையே நமக்குத் தெரியாதுங்கான்.”

“எலே, உனக்கு முட்டு. எனக்குக் காது. இது வேற சரக்கு.”

வெயிலுகந்தம்மாள் அதற்கு மேல் வாதாடவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மந்தக் காதால் வீட்டில் ஒரு சௌகரியமும் இருந்தது. சாப்பிடும்போது அவள் என் இடப்பக்கம் வருகிற மாதிரிப் பார்த்து உட்காருவேன். அவள் பேசுவாள். நான் சாப்பிடுவேன். அவள் உதடு அசைவது ஓரக்கண்ணில் நின்றால் பேச்சு நின்றது என்று அர்த்தம். உடனே “ம், சரி” என்பேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் சமாதானம் நிலவிய காலம் அது.

சித்திரை கழிந்து ஒரு கடிதம் வந்தது. திருவனந்தபுரத்தில் இருக்கும் பட்டாள ஆஸ்பத்திரிக்கு வரும்படி, ஹவில்தார் அய்யாத்துரையின் விண்ணப்பத்தின் மேல் மருத்துவக் குழு அழைத்திருந்தது. நான்தான் அய்யாத்துரை. விண்ணப்பம் எதுவும் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

“நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க,” என்றாள். “முழுசும் படிச்சுக் காட்டுனேன். சரின்னீங்க.”

“எப்பம்?”

“கருவாட்டுக் குழம்பு வச்ச அன்னைக்கு.”

இசக்கிபாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நானும் அங்கனதான் இருந்தேன் அண்ணாச்சி. மதினி வரிவரியாப் படிச்சாவ. நீங்க வரிவரியாத் தலையாட்டுனீங்க.”

“எந்தப் பக்கம் உக்காந்து படிச்சா?”

“எப்பவும் உக்காருத பக்கம்தான்.”

ஒரு பொய் இல்லை. ஒரு மறைவு இல்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொல்லியே செய்திருக்கிறாள். பெரிய பெரிய தளபதிகளின் திட்டங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எதிரி தோண்டி வைத்த பதுங்குகுழிக்குள்ளேயே போய் உட்கார்ந்து போரை நடத்திய தளபதியை அதுவரை பார்த்ததில்லை.

கோவில்பட்டியில் ரயில் ஏறினோம். கடம்பூரில் ஒரு பொட்டலம் போளி வாங்கிப் பையில் வைத்தாள். கை நீட்டினேன். ஆஸ்பத்திரி முடியட்டும் என்றாள். ஜன்னல் வழியாகக் கரிசலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னிடமும் ஒரு திட்டம் இருந்தது. இப்போது மந்தம் என்று பதிந்துவிட்டால் மந்தத்தின் விலைதான். அதனால் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லித் திரும்பிவிட வேண்டும். காது முற்றியதும் நானே வருவேன்.

காது டாக்டர் பாலக்காட்டு அம்மா. பட்டாள உடுப்பில் இருந்தார், நல்ல தமிழ் பேசினார். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொன்னேன். பீரங்கி வெடிக்கும் இடத்தில் காதை நம்பி எவனும் உத்தரவு வாங்க முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் வாங்குவோம். அந்த வித்தையை அவரிடம் காட்டினேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இவருக்கு நன்றாகக் கேட்கிறதே, எதற்கு வந்தார் என்று என் மனைவியைக் கேட்டார்.

“நான் ஒரு வார்த்த பேசிப் பாக்கட்டுமா டாக்டரம்மா?”

எனக்குப் பின்னால் போனாள். உதடு தெரியவில்லை. சுவரில் காதின் படம் ஒன்று தொங்கியது. மனிதக் காதுக்குள் ஒரு நத்தை சுருண்டு கிடக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆச்சரியப்பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கமாக அவள் குரல் மெதுவாக வந்தது.

“இந்தாங்க, போளி.”

கை தானாக நீண்டது. கையில் ஒன்றும் விழவில்லை. டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதே போளியை, அதே குரலில், இடப்பக்கம் நின்று பலதடவை கூப்பிட்டுக் கொடுத்துப் பார்த்தாளாம். நான் நத்தையை விட்டு அசையவே இல்லையாம்.

“கடம்பூர்ப் போளிக்கே திரும்பலைன்னா அந்தக் காது இல்லைன்னுதான அர்த்தம்?” என்று டாக்டரிடம் நிதானமாகக் கேட்டாள்.

அதன்பிறகு உதடே இல்லாத ஒரு மெஷினில் என்னை மாட்டினார்கள். மெஷினும் அவள் கட்சிதான்.

“சரியான நேரத்துல வந்தீங்க,” என்றார் டாக்டர். “இன்னும் நாலஞ்சு வருஷம் போயிருந்தா, பீரங்கியா வயசான்னு என்னாலயே சொல்ல முடியாது. முதல்ல பதியணும். பிறகு கூடுனா, மறுபடி பாக்கச் சொல்லிக் கேக்கலாம்.”

மறுபடி கேட்கலாம் என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம், இடப்பக்கமாக. பீரங்கியால் வந்ததுதான் என்று ஆணை கார்த்திகையில் வந்தது. இசக்கிபாண்டி அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, தன் முட்டைத் தடவிக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரி முடிந்து அன்று திரும்பும் ரயிலில், தோற்றவனுக்குரிய பணிவோடு போளி கேட்டேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துத் தான் பிட்டுக்கொண்டு, மிச்சத்தை மடியில் மூடி வைத்தாள்.

“இப்பமே தின்னா சும்மா போளிதான். கடம்பூர் தாண்டட்டும். பசி முத்தும். அப்பத்தான் முழு விலை.”

“ம், சரி,” என்றேன்.

இந்தத் தடவை அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.