போனுக்கும் முறை உண்டு

இரணைமடுக் குளத்துக்குப் பிறகு வன்னிக்குக் கிடைத்த மாபெரும் கொடை எதுவென்று கேட்டால், தில்லைநாதன் தயங்காமல் சொல்வார்: பிள்ளையோடு சேர்ந்து போனில் விளையாடுவது. பாடசாலையில் நடந்த 'பெற்றோர் விழிப்புணர்வுக் கருத்தரங்கில்' வளவாளராகப் பேச வந்தவர் அப்படித்தான் அறிவுறுத்தினார். பிள்ளைகளின் உலகத்துக்குள் பெற்றோரும் இறங்க வேண்டுமாம். தில்லைநாதன் அன்றே இறங்கிவிட்டார். ஏறத்தான் இல்லை.

மகள் சிவதர்சினிக்குத் தலைகால் புரியாத சந்தோசம். போனுக்குள் அவள் ஒரு தோட்டம் வைத்திருந்தாள். அப்பாவும் சேர்ந்தால் இருவருமாக அதைப் பெருப்பிக்கலாம் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பில் ஊறிய மனிதர் அல்லவா, விளையாட்டையும் சட்டப்படி தொடங்கினார். முதலில் குசினியில் 'விதைப்புக் கூட்டம்' கூடியது. மனைவி அருந்ததி வெங்காயம் உரித்தபடியே பார்வையாளராகக் கலந்துகொண்டார்.

"இதுக்குள்ள யானை வருமோ?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"வராதப்பா."

"யானை வராத காணியில என்ன கமம்?" என்று கவலைப்பட்டார். இருந்தாலும் ராகுகாலம் கழிந்ததும் விதைத்தார்.

வீட்டில் இருப்பதோ ஒரே போன். ஆகவே வாய்க்கால் தண்ணீருக்கு முறை வகுப்பதுபோல அதற்கும் முறை வகுக்கப்பட்டது. முதல் முறை அப்பாவுக்கு, அடுத்தது மகளுக்கு. நீதி தவறாத ஏற்பாடு. வேறெப்படி இருக்கும்? வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. கோடை விதைப்புக்கான ஒவ்வொரு சிறுபோகக் கூட்டத்திலும், மேலே இருப்பவர்கள் தண்ணீரை வழித்தெடுக்கிறார்கள் என்று தொண்டை கிழியப் பேசுபவர் அவர்.

சிவதர்சினி தன் முறைக்காகப் பக்கத்திலேயே குந்தியிருப்பாள். பொறு பிள்ளை, கத்தரிக்காய் ஆயவேணும் என்பார். கத்தரிக்காய் ஆய்ந்து முடிய மிளகாய் பழுத்திருக்கும். மிளகாய் முடிய மாடு பாலுக்குக் கத்தும். ஒருவழியாக முறை மகளிடம் வரும்போது சார்ஜ் முடிந்திருக்கும்.

"அப்பாவோட சேந்து விளையாடத்தானே ஆசைப்பட்டனான்" என்று அவள் தாயிடம் அழுதாள். பாவம் பிள்ளை. அருந்ததி முறைப்பாட்டை உரிய இடத்தில் சமர்ப்பித்தார். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது, போனிலிருந்து கண்ணெடுக்காமலே.

அடுத்த கருத்தரங்கில் தில்லைநாதனுக்கு 'முன்மாதிரித் தந்தை' என்று பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு வளவாளர் சிவதர்சினியை மேடைக்கு அழைத்து, அப்பாவோடு விளையாடும் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார். அவள் ஒலிவாங்கியை அப்பாவைப் போலவே இறுக்கிப் பிடித்தாள்.

"மேல இருக்கிறவை தங்கட வயலை நிரப்பிப்போட்டுத்தான் கீழ விடுகினம். முறை எங்களிட்ட வரேக்க வாய்க்கால் காஞ்சுபோய்க் கிடக்கு. இதைக் கேக்க ஒருத்தரும் இல்லையோ?"

முதலில் கைதட்டியவர் தில்லைநாதன்தான். இத்தனை வருடமாகத் தான் பேசுவதை மகள் ஒரு சொல் பிசகாமல் பேசுகிறாளே என்று அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கைதட்டுவதற்காக மடியில் இறக்கி வைத்த போனில் கத்தரிக்காய் ஆயும் நேரமாகியிருந்தது.

சிவதர்சினி அந்த மடியைச் சுட்டிக்காட்டினாள்.

"மேல இருக்கிறவர் இவர்தான்."