எல்லோருக்கும் இரண்டு கூவல்

வரைபடம் போடுகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போன மலைகளுக்கு நடுவே குன்றவள நாடு என்றொரு நாடு இருந்தது. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் போக வேண்டுமானால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேரலாம். அதனால் அந்த நாட்டு மக்கள் தங்கள் பேச்சைக் காற்றில் அனுப்பினார்கள். குன்றுக்குக் குன்று கோபுரம் இருந்தது. கோபுரத்தின் மேல் கூவர் இருந்தார். "கள்ளிமேட்டு மயிலாத்தாகிட்ட இருந்து மூங்கில்பாறை நாச்சாயிக்கு" என்று அவர் கூவ, அடுத்த கோபுரத்துக் கூவர் அதை வாங்கி அதற்கடுத்த கோபுரத்துக்குக் கூவுவார்.

கோபுரங்கள் அரண்மனைக்குச் சொந்தமானவை. கூவர்களுக்கு வயதாகியிருந்தது. கூவக் கொடுக்க வருகிறவர்களுக்கு வரிசையில் நின்று கால் கடுத்துப் போகும். ஆனாலும் கொடுத்த சொல் கொடுத்தபடியே போய்ச் சேர்ந்தது. ஒரு பிடி தினை கொடுத்தால் போதும்.

கள்ளிமேட்டில் தேன்பெட்டி வைத்துப் பிழைத்தவள் மயிலாத்தா. கூவர்களின் தொண்டைக்கு அவள் தேன்தான் போகும். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் நாச்சாயி மூங்கில்பாறையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாச்சாயிக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அரசர் குரல்வளத்துறை என்று ஒரு துறையை உண்டாக்கி, செவிச்செல்வர் என்பவரை அதற்கு அமைச்சராக்கினார். அமைச்சர் ஒவ்வொரு குன்றாகப் பல்லக்கில் வந்து பேசினார்.

"ஒரே கோபுரத்தை நம்பி வாழும் மக்கள் கிணற்றுத் தவளைகள். போட்டி வந்தால் கட்டணம் குறையும். கட்டணம் குறைந்தால் பேச்சு பெருகும். பேச்சு பெருகினால் நாடு உயரும்."

சங்கு மாளிகை, குயில் மாளிகை, தென்றல் மாளிகை என மூன்று வணிக மாளிகைகள் வந்தன. குன்றுக்கு மூன்று புதுக் கோபுரங்கள் முளைத்தன. சங்கு சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்கியது. குயில் மூச்சுக்கு இவ்வளவு என்றது; ஒரே மூச்சில் எத்தனை சொல் சொன்னாலும் ஒரே கட்டணம். தென்றல் வெயில் நேரத்துக்கு ஒன்று, நிழல் நேரத்துக்கு ஒன்று என்று வைத்தது. சங்குக்காரர் குயில்காரருக்குக் கூவ வேண்டுமானால் நடுவில் எல்லைக் கட்டணம் உண்டு. சந்தையில் ஜனங்கள் மிளகாய் விலையை விட்டுவிட்டு மூச்சு விலை பேசினார்கள். நீள மூச்சுக்காரர்களுக்கு வீட்டில் மரியாதை கூடியது.

குழப்பத்தைக் கேள்விப்பட்ட அமைச்சர், எந்தக் குடிமகனும் மூன்று கட்டணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒப்பீட்டு மண்டபத்தில் சான்று பெற்ற பிறகே கூவ வேண்டும் என்று ஆணையிட்டார். மயிலாத்தா ஒப்பீட்டு மண்டபத்து வாசலில் காத்துக் கிடந்தாள். அவள் முறை வருவதற்குள் கட்டணங்கள் மாறிவிட்டதால் மறுபடி கடைசியில் போய் நிற்கச் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் தென்றல் மாளிகை, இனி எல்லாம் இலவசம் என்றது.

ஜனங்கள் ஓடினார்கள். மயிலாத்தாவும் ஓடினாள். சங்குக் கோபுரத்தில் காக்கை கூடு கட்டியது. குயில் மாளிகைக்காரர் கோபுரத்தை விறகுக்கு விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அரண்மனைக் கோபுரத்துக் கூவர்களுக்குத் தேன் வாங்குவதை அரண்மனை நிறுத்தியது. தொண்டை கட்டியதும், திறமையற்றவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பியது. கள்ளிமேட்டின் பழைய கூவர் முத்தான் மட்டும் தென்றலில் வேலைக்குச் சேர்ந்தார்.

காக்கை குஞ்சு பொரிப்பதற்குள் தென்றல் சொல்லுக்குக் கட்டணம் வைத்தது. முன்பு சங்கு வாங்கியதைவிட அதிகம். பேரும் ஊரும் சொல்லி, சொல்லே இல்லாமல் வெறுமனே 'கூ' என்றால் மட்டும் இலவசம்.

மக்கள் அந்த 'கூ'வைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கூவல் என்றால் நலம். இரண்டு என்றால் உடனே வா. மூன்று என்றால் மாடு விற்றாயிற்று, நான்கு என்றால் மாமியார் வருகிறாள் என்று வீட்டுக்கு வீடு ஒரு பாஷை உண்டானது. மயிலாத்தா மகளிடம் அழுத்திச் சொல்லியிருந்தாள்.

"தெனமும் விடிஞ்சதும் ஒண்ணு கூவச் சொல்லு, சாமி. வலி கண்டா ரெண்டு. ரெண்டு கேட்டா நான் மருத்துவச்சியக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன்."

காலையில் ஒற்றைக் கூவல் கேட்கும்வரை அவளுக்குக் கஞ்சி இறங்காது. கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு தேன்பெட்டிப் பக்கம் போவாள்.

தென்றல் மாளிகை அமைச்சரிடம் முறையிட்டது. மக்கள் பேசாமலே பேசிவிடுகிறார்கள்; இது திருட்டு. அமைச்சர் யோசித்து ஆணையிட்டார்: "கூவல் நாட்டின் சொத்து. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கூவலுக்கு மேல் கிடையாது." இதில் மக்கள் முகம் வாடியதாகத் தெரியவந்ததும், அரசர் பிறந்தநாள் பரிசாக இன்னொரு ஆணை வந்தது. ஒரு கூவல் கொடுத்தால் இன்னொரு கூவல் இலவசம். எல்லோருக்கும் அது இரட்டிப்பாகப் போய்ச் சேரும். வரம்பு மட்டும் அதே இரண்டுதான்; இரண்டு கொடுத்தாலும் இரண்டுதான் போகும்.

மறுநாள் காலையில் மயிலாத்தாவுக்கு இரண்டு கூவல் வந்தது.

அவள் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு மருத்துவச்சி ராக்காயி வீட்டுக்கு ஓடினாள். இருவரும் பள்ளத்தில் இறங்கி, ஓடையில் வழுக்கி, முட்டி சிராய்த்து, மூங்கில்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாச்சாயி கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இந்தக் கோலத்துல வந்துருக்கற?"

"ரெண்டு கூவுன இல்ல?"

"ஒண்ணுதாம்மா கூவச் சொன்னேன்."

ராக்காயி திண்டில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "இன்னிக்கு விடிஞ்சதும் என்னயக் கூப்புட நாலு பேரு வந்துட்டாங்க. எல்லாருக்கும் ரெண்டு வருது. எந்த ரெண்டு நெசம்னு யாருக்குத் தெரியுது? என்ற காலு ரெண்டும் வீங்கிப்போச்சு."

தாயும் மகளும் கலந்து பேசி வேறு வழி கண்டார்கள். நலமாக இருந்தால் கூவவே வேண்டாம். வலி வந்தால் மட்டும் கூவினால் போதும். மயிலாத்தா நிம்மதியாக ஊர் திரும்பினாள். தும்பை பூத்துத் தேன் இறங்கும் காலம். பெட்டிகளை விட்டுவிட்டு மகளோடு தங்கினால் கரடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போய்விடும்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. நாடெங்கும் பல வீடுகள் இப்படியே மௌனத்துக்கு மாறிவிட்டதை அறிந்த அமைச்சர் வருந்தினார். "மௌனம் நாட்டின் குரல்வளத்தை வீணாக்குகிறது. ஒரு நாள் கூவாத வீடு, தொடர்பை விரும்பாத வீடு என்று கருதப்படும். அதன் பெயர் கோபுரத்திலிருந்து நீக்கப்படும்."

நாச்சாயி பயந்துபோய் தினமும் ஒன்று கூவ ஆரம்பித்தாள். மயிலாத்தாவுக்குத் தினமும் இரண்டு வந்தது.

வீட்டுக்கும் கோபுரத்துக்குமாக அவள் நடந்தாள். பாதி அள்ளிய கஞ்சியோடு கை நின்றுவிடும். ஓடலாம் என்று தோன்றும். நேற்றும் இதே போலத்தானே வந்தது என்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். புகை போடாமலே பெட்டியைத் திறந்ததில் தேனீக்கள் கொட்டின. அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் விடிந்ததும் வந்த இரண்டு கூவலில் அவளுக்கு ஏதோ பதற்றம் கேட்டது. பதற்றம் தன் காதில்தான் இருக்கிறதோ என்றும் பட்டது. கோபுரத்தின் கீழே போய் நின்றாள்.

"முத்தாண்ணா, நெசத்தச் சொல்லுங்க. இது ஒண்ணா, ரெண்டா?"

முத்தான் மேலிருந்து எட்டிப் பார்த்தார். தொண்டை கரகரத்தது. "எனக்கு ரெண்டாத்தான் வந்துச்சு, ஆத்தா. மூங்கில்பாறைக் கோபுரத்துலயே ரெண்டாக்கி விட்டுடறாங்க. நடுவுல இருக்கறவனுக்கு என்ன தெரியும்?"

"மூங்கில்பாறைக் கூவரக் கேட்டுச் சொல்லக் கூடாதுங்களா?"

"கேக்கறதுக்குச் சொல்லு வேணும். சொல்லுக்குக் கட்டணம். கட்டுனாலும் இன்னிக்குக் கேட்டா நாளைக்குத்தான் பதில் வரும்னு விதி." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ கெளம்பு, ஆத்தா. நானா இருந்தா கெளம்பிருவேன்."

அவள் ராக்காயி வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. வேறு ஏதோ குன்றிலிருந்து வந்த இரண்டு கூவலுக்கு ராக்காயி போயிருந்தாள். வந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் மயிலாத்தா அவள் வாசலில் குந்தினாள். வெயில் ஏறியது. எழுந்தாள். உட்கார்ந்தாள். கடைசியில் தனியாகவே பள்ளத்தில் இறங்கினாள்.

பாதையில் அவள் மட்டும் இல்லை. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக மலைச்சரிவு முழுக்க ஆட்கள். யாரும் யாரிடமும் நின்று பேசவில்லை. ஓடைக்கரையில் தண்ணீர் குடிக்க நின்ற ஒருவர் தோளில் ஒரு பக்கம் கோடித்துணியும் இன்னொரு பக்கம் வாழைத்தாரும் தொங்கின.

"மூங்கில்பாறைல எங்கண்ணன் ஊட்டுல இருந்து ரெண்டு வந்துச்சுங்க," என்றார் அவர், அவள் பார்வையைக் கவனித்து. "அண்ணன் இழுத்துக்கிட்டு கெடக்கறான். அவன் மகளுக்குப் பரிசம் போடறதாவும் பேச்சு. எதுக்குக் கூப்புடறாங்கன்னு தெரியல. ரெண்டையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"நானு மககிட்டப் போறனுங்க," என்றாள் மயிலாத்தா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள்.

மூங்கில்பாறை ஏற்றத்திலேயே மகளின் குரல் கேட்டது. அது எந்தக் கோபுரமும் கொண்டுவராத குரல். மயிலாத்தா நாலு காலால் ஏறுவதுபோல் ஏறினாள்.

மருமகன் காரியப்பன் வாசலில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். "விடியறப்பவே ரெண்டு கூவுனனுங்க, அத்தை. அதுக்கு மேல கூவ உட மாட்டேன்னுட்டாங்க. நான் கத்துனேன். கத்துனதயும் ரெண்டாத்தான் அனுப்புவோம்னாங்க."

குழந்தை கால் முன்னாக வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தெரிந்தமட்டும் செய்துகொண்டிருந்தார்கள். மயிலாத்தா மகளின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். நடுச்சாமத்தில் ஒருத்தி குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். பெண் குழந்தை. நெடுநேரம் கழித்து அழுதது. நாச்சாயி மயங்கிக் கிடந்தாள். மறுநாள் கண் திறந்தாள். இரண்டு உயிரும் பிழைத்தன. குழந்தையின் வலது கை மட்டும் அசையவில்லை.

சில நாள் கழித்து வந்த ராக்காயி அந்தக் கையைத் தூக்கிப் பார்த்து மெதுவாகக் கீழே வைத்தாள். "நான் போன ஊட்டுல ஒண்ணுமே இல்லீங்க," என்றாள். "அவங்க நல்லா இருக்கோம்னு கூவுனாங்களாம்."

மயிலாத்தா கள்ளிமேட்டு வீட்டைப் பூட்டியபடியே விட்டுவிட்டாள். கரடி வந்து போனதாகச் சொன்னார்கள். அவள் பேத்தியின் கையை நல்லெண்ணெய் போட்டு நீவிக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதம் அரசர் மக்களின் கருத்தைக் கேட்க விரும்பினார். செவிச்செல்வர் கோபுரம் கோபுரமாக அறிவித்தார். "நம் அரசரே தொடர வேண்டும் என்று எண்ணுவோர் இரண்டு கூவல் கொடுக்கலாம். வேண்டாம் என்போர் தயங்காமல் ஒரு கூவல் கொடுக்கலாம். அச்சமின்றிக் கூவுங்கள். கூவல் முற்றிலும் இலவசம்."

மூங்கில்பாறை ஜனங்கள் விடியும் முன்பே வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகக் கோபுரத்தடிக்குப் போய் ஒரே ஒரு கூவல் கொடுத்துவிட்டு வந்தார்கள். கோடித்துணியும் வாழைத்தாரும் சுமந்து வந்தவர் மொட்டைத் தலையோடு நின்று ஒன்று கொடுத்தார். காரியப்பன் ஒன்று கொடுத்தான். நாச்சாயி சுவரைப் பிடித்து நடந்துபோய் ஒன்று கொடுத்தாள். மயிலாத்தாவின் முறை வந்தபோது அவள் வயிற்றிலிருந்து எடுத்துக் கூவினாள். மலை அதிர்ந்தது. ஒரே ஒரு கூவல்தான்.

மாலையில் முடிவு வந்தது. நாடு முழுவதிலிருந்தும் இரண்டிரண்டாகவே வந்திருந்தது; ஒருவர்கூட மாறுபடவில்லை. அமைச்சர் கண் கலங்கினார் என்று கூவர்கள் கூவினார்கள். இவ்வளவு ஒற்றுமையான மக்கள் தினமும் கோபுரத்தடியில் வந்து நிற்பது அரசரின் மனதை வருத்துவதாகவும், இனி அவர்கள் சார்பில் தென்றல் மாளிகையே கூவிக்கொள்ளும் என்றும் ஆணை வந்தது.

மறுநாள் விடிந்தது. மயிலாத்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இளவெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் யாரும் இன்னும் வெளியே வரவில்லை. கிழக்கேயிருந்து கூவல் வந்தது. அரண்மனைக்குப் போகிற கூவல்.

"கள்ளிமேட்டு மயிலாத்தாகிட்ட இருந்து... கூ, கூ."

அவள் நிமிர்ந்தாள். பூட்டிக் கிடக்கும் தன் வீடு இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"நான் இங்கதான இருக்கறேன்," என்றாள். உள்ளேயிருந்து நாச்சாயி எட்டிப் பார்த்தாள்.

மூங்கில்பாறைக் கோபுரத்துக் கூவர் அதை வாங்கி அடுத்த குன்றுக்குக் கூவினார். பிறகு தன் ஊர்க் கணக்கை ஆரம்பித்தார். காரியப்பன் பெயரைச் சொல்லி இரண்டு. நாச்சாயி பெயரைச் சொல்லி இரண்டு. கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்.

"மூங்கில்பாறை, இன்னும் பேர் வெக்காத கொழந்தைகிட்ட இருந்து... கூ, கூ."