தோட்டுச் சுரையும் குறைச்சல் காக்காவும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரு மனிதரைக் கண்டு மின்சாரமே அடங்கி நடந்ததென்றால் அது எங்கள் குறைச்சல் காக்காவைக் கண்டுதான். மற்றப் பெண்கள் புருசனின் கைபேசியில் வருகிற பெண் பெயர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் பொறாமைப்பட்டது, ஐம்பது வயதைத் தாண்டிய, சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் இல்லாத, மின்சாமான் திருத்துகிற இந்த மனிதரைப் பார்த்து. அதை எழுத எனக்கு வெட்கமில்லை. என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் வயிறெரிந்திருப்பீர்கள்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகிற ஒரு குறுக்கு வீதியில் கடை வைத்திருந்தார். உலகத்தில் எல்லாமே தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய கொள்கை. எந்தச் சாமானைக் கொண்டுபோனாலும் காதுக்குக் கிட்டப் பிடித்துக் கேட்டுவிட்டு, "கூடிப்போச்சு. கொஞ்சம் குறைப்பம்" என்பார். திருத்தியும் தருவார், குறைத்தும் தருவார். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரின் கிரைண்டர் அவரிடம் போய்வந்த பிறகு, நண்பகல் லுஹர் தொழுகைக்குத் தேங்காய்ப்பூவைப் போட்டால் பின்னேரம் அசருக்குத்தான் எடுக்கலாம் என்ற நிலைக்கு வந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள் இரண்டாம் கியரைத் தாண்டியதை ஊரில் யாரும் கண்டதில்லை. அவர் கல்முனைச் சந்திக்கு வந்து சேர்வதற்குள் ஐஸ்கிறீம் வண்டி அவரைத் தாண்டிப் போய், விற்றுமுடித்துத் திரும்பியும் வந்துவிடும்.

ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி வேலைக்கு அவரைப் பிடித்தார்கள். அவர் பாட்டைக் குறைத்த குறைப்பில், சனம் கதைப்பது சனத்துக்கே கேட்கத் தொடங்கியது. மாப்பிள்ளையின் மாமி, "எறச்சி வேகல்ல" என்று பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் சொன்னது, பந்தலின் மறுகோடியில் நின்ற சமையல்காரர் வரைக்கும் போய்விட்டது. அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வெளிக்கிட்டார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அவரை மறித்துக் கெஞ்சிக்கொண்டு நிற்க, காக்கா மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நிம்மதியாக இருந்தார்.

"இப்பதான் கல்யாண வீடு மாதிரி இரிக்கி. ஆளுக்காள் கதைக்கிறாங்க" என்றாராம்.

எங்கள் வீட்டு மின்விசிறியும் அவரிடமிருந்து தப்பவில்லை. வீடு, வாப்பா எனக்குத் தந்த சீதன வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது வழக்கம். ஆகவே அந்த மின்விசிறியும் முறைப்படி என்னுடையதுதான். அது கடகடவென்று சத்தம் போடுகிறதென்று என் கணவர் றபீக், என்னைக் கேட்காமலே காக்காவைக் கூட்டிவந்தார். சத்தம் நின்றது. அதோடு ஒன்றுக்கு மேல் சுற்றுவதும் நின்றது. பொத்தானை மூன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் அது ஒன்றில்தான் சுற்றும்.

"காக்கா, வேர்க்குதே" என்றேன்.

"வேர்க்கட்டும் டீச்சர். வேர்த்தாத்தான் காத்தெண்டா என்னெண்டு தெரியும்."

றபீக் அதைக் கேட்டுப் பெரிய தத்துவம் போலத் தலையை ஆட்டினார். எனக்கு முதல் புகைச்சல் அங்கேதான் தொடங்கியது.

உண்மையான புகைச்சல் பிறகு வந்தது. இடையில் வேலைக்கென்று போன கத்தாரிலிருந்து திரும்பியபோது, சிகரெட்டை விட்டுவிட்டதாக றபீக் சொன்னார். நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் சுக்ர் தொழுதேன். மறுநாள் பெட்டிக்குள்ளிருந்து, பால்மா டின்னில் பாதிப் பருமனுக்கு ஒரு சாமானை எடுத்தார். கீழே பற்றரி, மேலே கண்ணாடி டேங்க். வேப், மின்சிகரெட் என்றார். கடையில் வாங்கிப் பூட்டுகிற கொயில் அல்ல, தானே கம்பி சுற்றி, தானே பஞ்சு வைத்துக் கட்டுகிற வகை என்று பெருமை வேறு. முருங்கை மரத்தடியில் நின்று ஒரு ஊது ஊதினார். ஸ்ட்ரோபெரி மணத்தோடு முகில் எழும்பி மரத்தை மூடி, வேலியைத் தாண்டிப் போனது. பக்கத்து வளவுச் சாச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"டெங்குக்குப் புகையடிக்கிறாங்க எண்டா முன்னுக்கே சொல்லப்படாதா புள்ள? நான் கறிச்சட்டிய மூடியிருப்பனே."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் விடியற்காலையில் வருகிற இருமல் சிரிக்கிற விசயமாக இருக்கவில்லை. சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர், கைகால் கழுவி வுழூச் செய்ய முதல் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடிக்க வேண்டும். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை விடச் சொல்லுங்க, இப்பவே விடச் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். அழுது சொன்னேன், கதைக்காமல் இருந்து சொன்னேன், மாமியைக் கொண்டு சொல்லவைத்தேன். நோன்பு மாதத்தில் பகல் முழுக்க இழுக்காமல் இருக்க ஏலுமென்றால் மற்ற நாளில் ஏன் ஏலாது என்று கேட்டேன். "விடுவன் புள்ள" என்பார். முகில் எழும்பும்.

பிறகு டேங்க் ஒழுகத் தொடங்கியது. வேறு யாரிடம் போவார்? ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து காக்கா எங்கள் வளவுக்கு வந்து மாமரத்தின் கீழே கதிரை போட்டு இருந்தார். சாமானைக் காதுக்குக் கிட்டப் பிடித்தார். றபீக்கை ஒரு தரம் ஊதச் சொல்லி, முகில் கலையும் வரைக்கும் பொறுமையாக இருந்தார்.

"எத்தினையில ஓடுது தம்பி?"

"எண்பது வாட்ஸ் காக்கா."

"கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு வெக்கிற பல்ப்பே அறுபதுதான். உங்கட நெஞ்சுக்கு எண்பதா?"

நான் நெஞ்சைப் பற்றி எவ்வளவு சொல்லியிருப்பேன். அப்போதெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு போனவர், கோழிக்குஞ்சுக் கணக்கைக் கேட்டதும் பாடசாலைப் பிள்ளை போலக் குனிந்துகொண்டு, "அப்ப குறைப்பமா காக்கா?" என்றார். குசினி ஜன்னலில் நின்ற எனக்கு உள்ளங்கால் வரை பற்றியது.

வேலை தொடங்கியது. சாமான் மட்டும் றபீக்குடையது, ஆயுதம் எல்லாம் என்னுடையது. "டீச்சர், தையல் ஊசி ஒண்டு தாங்க" என்றார். உள்ளே இருந்த தடித்த கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியை என் ஊசியில் சுற்றிச் சின்னதாக ஒரு கொயில் செய்தார். பிறகு என் புருவக் குறட்டைக் கேட்டார். அதால் பஞ்சை இழுத்து, பாதியை வெட்டி எறிந்து, மீதியைத் தளர்வாக வைத்தார். பிறகு தையல் பெட்டியையே கொண்டுவரச் சொல்லி, அதற்குள் கிடந்ததையெல்லாம் கிளறிக் கிளறிப் பார்த்தார். டேங்கின் அடியில் காற்றுப் போகிற வாய் பல்லிக்குஞ்சு நுழைகிற அளவுக்கு இருந்தது. அதை அடைத்து, ஒரு சின்னத் துவாரம் மட்டும் விட்டார்.

"மெல்லிசுக் கம்பி, குறைஞ்ச சூடு, குறைஞ்ச காத்து. வாய்க்குள்ள எடுத்து வெச்சி, மறுகா மெல்ல உள்ளுக்கு எடுங்க. முகில் வராது. ருசி மட்டும் வரும்."

றபீக் இழுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போனதே தவிர ஒன்றும் வரவில்லை.

"ஏலாம இரிக்கி காக்கா."

"ஏலும். அவசரப்படாதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து நூல் அளவு புகை வந்து, முருங்கை இலைக்குப் போய்ச் சேர முதலே காணாமல் போனது.

அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி காக்கா வந்தார். எண்பது முப்பதானது, முப்பது பதினைந்தானது. டேங்கில் ஊற்றுகிற நிக்கொட்டின் மருந்தின் காரமும் போத்தலுக்குப் போத்தல் குறைந்தது. இருமலும் குறைந்தது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், நான் எரிந்துகொண்டிருந்தேன். நான் அழுது கேட்டுக் கிடைக்காத ஒன்றை இந்த மனிதர் பிளேன்டீ குடித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போகிறார். போதாததற்கு, இருவரும் மாமரத்தடியில் இருந்து சிரித்தார்கள். அப்படி என்னதான் கதைக்கிறார்கள் என்று ஒரு நாள் ஜன்னலுக்குப் பின்னால் ஒளித்து நின்று கேட்டேன்.

"மழை வரும் போல" என்றார் றபீக்.

"ஓம். வந்தாலும் கொஞ்சமாத்தான் வரும்" என்றார் காக்கா.

அவ்வளவுதான். அதற்கு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். என்னோடு இருக்கும்போது றபீக்கின் பேச்சு தண்ணீர்ப் பில்லையும் அரிசியையும் தாண்டிப் போனதில்லை. காக்கா வராத ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஆக்கிய கணவாய்க் கறியைப் பாதியில் வைத்துவிட்டுக் வாசல் கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவாய்க் கறி பாதியில் நின்றது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது முதல் தடவை.

கேற்றைப் பார்த்தது போதுமென்று நான் களத்தில் இறங்கினேன். கைபேசியில் வீடியோ பார்த்துக் கம்பி சுற்றப் பழகினேன். றபீக் கடைத்தெருவுக்குப் போன நேரம் டேங்கைக் கழற்றி, என் கையால் கொயில் வைத்து, பஞ்சைத் தாராளமாக அடைத்துப் பூட்டினேன். காக்கா பாதிப் பஞ்சு வைத்தால் நான் முழுப் பஞ்சு வைப்பேன் என்ற ரோசம். வந்தவர் இழுத்தார். பஞ்சு கருகி, அந்தப் புகை நேரே தொண்டையில் இறங்கி, மூன்று மாதத்து இருமலையெல்லாம் சேர்த்து ஒரே மத்தியானத்தில் இருமினார். தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டே விசயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

"காக்காட கை வேற புள்ள" என்றார்.

அந்த ஒரு வசனத்தோடு நான் எத்தனை நாள் சோறு தின்றேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அந்தக் காயம் ஆற முதல் உம்மாவின் தங்கை, என் சொந்தச் சாச்சியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வாப்பா தந்த தோட்டைப் போடலாமென்று எடுத்தால் ஒரு தோட்டின் சுரையைக் காணவில்லை. தோட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்குகிற அந்தச் சின்னத் தங்கச் சுரை இல்லாவிட்டால் தோடு நிற்காது. தையல் பெட்டிக்குள்தான் வைத்த ஞாபகம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, கடைசியில் பின்பக்கம் நூலால் கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சலாமுக்கும் தலையைத் திருப்பப் பயந்து, கழுத்துப் பிடித்தவள் போல இருந்துவிட்டு வந்தேன். மறுநாள் டேங்கைக் கழுவி வைத்தேன். கம்பி சுற்றுகிற வேலைதான் பறிபோனதே தவிர, கழுவுகிற வேலை எப்போதும் எனக்குத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், காற்றுப் போகிற வாய்க்குள் ஏதோ மின்னியது. என் சுரை.

"இது எப்படி இதுக்குள்ள வந்த?" என்று கேட்டேன்.

றபீக்கின் முகம் சிவந்துபோனது. "காக்காட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். எந்தத் தொழுகை வக்துக்கும் நேரம் வந்திருக்கவில்லை.

நான் சாய்ந்தமருதுக்குப் போனேன். ஓட்டோவில் போகும்போதே பேச்சைத் தயார்படுத்திக்கொண்டேன். ஆனால் அந்தக் கடையில் சத்தம் போடுவது லேசான வேலையில்லை. மின்விசிறி ஒன்றில் சுற்றியது, பல்ப் மங்கி எரிந்தது, ரேடியோ ஏதோ தனக்குத்தானே முணுமுணுத்தது. நான் நினைத்ததைவிடப் பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

"அது என்ட சுரை காக்கா."

"தெரியும் டீச்சர். தெரிஞ்சுதான் போட்டன்."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா தந்திருக்க மாட்டீங்க." கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "முதல்ல பேனை ரீபிள் துண்டொண்டு வெச்சன். ரெண்டு நாள்ல அதக் கழட்டி எறிஞ்சிட்டு மறுகா பெரிசா இழுத்துப்போட்டான். மத்த வெள்ளி வந்து, உங்கட தையல் பெட்டிக்குள்ள கண்டெடுத்த இதப் போட்டுட்டு, டீச்சர்ர தோட்டுச் சுரை எண்டு சொன்னன். அதுக்குப் பொறகு அவன் அதுல கை வெக்கல்ல."

நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"நான் சொல்லிக் குறைச்சான் எண்டா நெனச்சீங்க? ஒவ்வொரு இழுவையும் உங்கட தோட்டுக்குள்ளாலதான் போகுது. அந்த நெனப்புலதான் குறைக்கிறான். உங்களிட்டச் சொல்ல அவனுக்கு வெக்கம்."

தயார்படுத்திய பேச்சு முழுவதும் வீணாய்ப் போனது. சந்தோசமாக இருந்தது, அழுகையும் வந்தது. அதற்கு மேல் பொறாமையும் வந்தது. இவ்வளவு காலமும் நான் அவருடைய காதுக்குள் கத்தியிருக்கிறேன். என் காதில் கிடந்ததை எடுத்து வைக்க வேண்டுமென்று இந்த மனிதருக்கு எப்படித் தோன்றியது? எனக்கு ஏன் தோன்றவில்லை? எழும்பிப் படியிறங்கும்போது பின்னால் அவருடைய குரல் கேட்டது.

"டீச்சர், அண்டைக்குக் கம்பி சுத்தினது நீங்கதானே? வடிவாத்தான் இரிந்திச்சு. பஞ்சத்தான் நெருக்கிப்போட்டீங்க. கொஞ்சம் குறைச்சிருந்தா என்னை விட நல்லா வந்திரிக்கும்."

இந்தப் பாராட்டை நான் இன்று வரை றபீக்கிடம் சொல்லவில்லை. அது எனக்கு மட்டும் உரியது.

குறைந்து குறைந்து, ஒரு வெள்ளிக்கிழமை காக்கா சாமானைக் காதுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிக் குறைக்க ஒண்டுமில்ல தம்பி" என்றார். டேங்கைக் கழற்றி, சுரையை எடுத்துத் தன் சட்டையிலேயே துடைத்து என் கையில் தந்தார். றபீக் அந்தச் சாமானைத் திரும்பக் கேட்கவில்லை. அது குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே தூசு பிடித்துக் கிடக்கிறது.

காக்கா இப்போது மகளோடு வரிப்பத்தான்சேனையில் இருக்கிறார். அங்கே வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பையும் குறைத்துவிட்டாராம். வயல்காரர்கள் ஏசுகிறார்களாம், ஆனால் பின்னேரம் ஆனதும் அவரிடமே வந்து இருக்கிறார்களாம். அவர்களை நினைத்தாலும் எனக்கு எரிகிறது. றபீக் அவரைப் பார்க்க வெளிக்கிட்டால் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்கிறேன். கணவாய்க் கறிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "மெல்லப் போங்க" என்கிறேன்.

பாடசாலை விடுமுறை நாட்களில் லுஹர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் சாய்வோம். என் இரண்டு காதிலும் தோடு இருக்கும். தலைக்கு மேலே மின்விசிறி ஒன்றில் சுற்றும். அந்தச் சத்தமில்லாத சுற்றில் பக்கத்தில் கிடக்கிறவரின் மூச்சு எனக்கு நன்றாகக் கேட்கும். இருமல் இல்லை, இழுப்பு இல்லை, மூச்சு மட்டும் வந்து போகும்.

"வெக்கையா இரிக்கி புள்ள. ஃபேன மாத்துவமா?" என்று போன கிழமையும் கேட்டார்.

"வேணாம்" என்றேன். "வேர்க்கட்டும்."