எர்த் அண்ணாச்சியும் எட்டு ஜிபியும்

கோவில்பட்டியில் மின்னல் விழுவதென்றால்கூட எங்கள் தெரு எர்த் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விழும். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) மோட்டார், வயரிங் எல்லாம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பொறி பறந்தால் மொத்த ஆபீஸும் போய்விடும் என்ற பயத்திலேயே காலம் தள்ளியதால், உலகத்தின் சகல கேடுகளுக்கும் காரணம் எர்த் சரியில்லாததுதான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். மிக்ஸி எரிந்தால் எர்த். பல் கூசினால் எர்த். யார் வீட்டு மருமகளாவது கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால், "அந்த வீட்ல எர்த்துக் குழி காஞ்சு கெடக்கு. பெறகு பொம்பளப்புள்ள எப்படித் தங்கும்?" என்பார்.

எர்த்துக் குழி என்றால், வீட்டுக்குப் பின்னால் உப்பும் கரியும் போட்டுக் கம்பியை இறக்கி மூடி வைத்திருப்பார்களே, அது. கிரகப்பிரவேசத்துக்குப் போனால் எல்லோரும் பூஜை அறையைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி நேரே புறவாசலுக்குப் போவார். ஒரு வீட்டில் மற்றவர்கள் சுவர்க்கடிகாரம் கொடுக்க, இவர் கல்லுப்பும் அடுப்புக்கரியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்காரம்மாள் அதை வாங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் வீட்டுக் குழி காயக்கூடாது என்பதால், கேட்காமலே எங்கள் குடத்தை எடுத்து அதில் கவிழ்ப்பார். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே திருவிழாக் கோலம் பூணும். என் மனைவி செண்பகா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"குடிக்கவே தண்ணி இல்ல அண்ணாச்சி. குழிக்கு எதுக்கு?"

"ஒனக்குத் தவிச்சா நீ கேப்ப தாயி. குழி வாயத் தொறந்து கேக்காதுல்லா?"

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் லேப்டாப் சிக்கியது.

செண்பகா கணக்கு டீச்சர். பிள்ளை பிறந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டவள், வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் எடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாதிரி வகுப்பு. அதில் தேறினால்தான் வேலை. எங்கள் பழைய லேப்டாப்போ, வீடியோவைத் திறந்த மாத்திரத்தில் உறைந்துவிடும். பல் டாக்டரிடம் போன மாதிரி வாயைத் திறந்தபடி அவள் திரையில் அப்படியே நிற்பாள்.

மெமரியைக் கூட்டினால் போதும் என்றார் கடைக்காரர். எட்டு ஜிபி வாங்கினேன். "லேப்டாப்பக் கொண்டாங்க, அஞ்சு நிமிசத்துல மாட்டித் தாரேன்" என்றார். கூட வந்திருந்த அண்ணாச்சி என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஏலே, அவன் சட்டையப் பாத்தியா? நைலான். உக்காந்திருக்கது பிளாஸ்டிக் சேரு. ஒடம்புல ஸ்டாட்டிக் கரண்டு ஏறி நிக்கும். அவன் விரல் பட்டா மெமரி அந்தானிக்குச் செத்துரும். எப்படி மாட்டணும்னு வீடியோ பாத்துட்டேன். நானே போடுதேன்."

ஸ்டாட்டிக் கரண்ட் விஷயம் உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். அந்த உண்மைதான் என்னை ஏமாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புறவாசலில் ஏற்பாடு. குழியைச் சுற்றிக் கரிசல் மண்ணில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கணுக்கால் முங்கச் சேறாக்கினார். சட்டையைக் கழற்றிவிட்டு, பருத்தி வேட்டியோடு வெறுங்காலில் நடுச்சேற்றில் நின்றார். குழியிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் காலில் கட்டிக்கொண்டார், கன்றுக்குட்டியைக் கட்டுவது போல. முக்காலியில் லேப்டாப்.

"தாயி, நைலக்ஸ் சேலையோட கிட்ட வராத. பருத்திச் சேலை கட்டிட்டு வா."

"லேப்டாப்பத் தொறக்கதுக்குச் சேலை மாத்தணுமாக்கும்?" என்று முனகிக்கொண்டே மாற்றினாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அண்ணாச்சிக்குச் சாமி வந்திருக்கா?" என்று பயபக்தியோடு கேட்டாள்.

அடி மூடியைக் கழற்றினார். பேட்டரி வயரைப் பிடுங்கினார். பழைய மெமரி கழன்று வந்துவிட்டது. புதியதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து உயர்த்தினார். அதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது ஒரு திருகாணி உருண்டு சேற்றில் விழுந்தது. எடுக்கக் குனிந்தார். நனைந்த கரிசல் மண் காலை விடுமா? கால் அங்கேயே நிற்க, ஆள் மட்டும் முன்னால் சாய்ந்தார். பிடித்துக்கொள்ள முக்காலியைத் தேடினார். முக்காலி லேப்டாப்போடு குப்புற விழுந்தது. அதன் மேல் அண்ணாச்சி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, அதற்கு வேண்டிய மண் உட்பட எல்லாம் அங்கே தயாராக இருந்தது.

ஒரு கை மட்டும் சேற்றுக்கு மேலே நின்றது. அதில் புது மெமரி.

"மெமரிக்கு ஒண்ணும் ஆவல! ஒரு பொட்டு ஸ்டாட்டிக் ஏறல தாயி!"

நான் லேப்டாப்பைத் தோண்டி எடுத்தேன். விசைகளுக்கு இடையில் எல்லாம் கரிசல். செண்பகா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். அண்ணாச்சி காலில் கட்டிய கம்பியை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மனுஷன் தப்பித்து ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அரை மணியில், சேறு காயாத கால்களோடு ஒரு அட்டைப் பெட்டியைச் சுமந்து வந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய புது லேப்டாப். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, இன்னும் தொறக்கவே இல்லையா?"

"நான் இருக்கது வாடகை வீடு. அங்கன எர்த்து சரியில்ல. எப்படி மாட்ட?" என்றவர் நகத்தால் உறையைக் கிழித்துப் பெட்டியை அவள் மடியில் வைத்தார். "நீ வச்சுக்கோ தாயி."

திங்கட்கிழமை வகுப்பு நடந்தது. செண்பகா பின்னங்களைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். அவளுக்குப் பின்னால் சுவிட்ச் போர்டில் கை வைத்தபடி, பொறி வந்தால் அணைத்துவிட, அண்ணாச்சி வெறுங்காலோடு விறைப்பாக நின்றார். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அணைத்துப் பிரயோஜனம் இல்லை என்று சைகையில் சொன்னேன். என்னை ஒரு முறை முறைத்தார்.

முடிந்ததும், திரையில் இருந்த அதிகாரி அம்மா சிரித்தார். "ரொம்ப நல்லா எடுத்தீங்க. அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம். ஆமா, பின்னாடி ஒருத்தர் நிக்கிறாரே, உங்க அப்பாவா?"

செண்பகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா மேடம்."

அன்றைய வகுப்பில் கணக்கு டீச்சர் சொன்ன தப்பான விடை அது ஒன்றுதான். அண்ணாச்சியும் அதைத் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.