கரண்டில் பிறந்த ஊதா

வண்டிப்பெரியார் சம்பந்தி சுடலை அவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறை சின்னையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோமதியும் உங்கள் வருங்கால மருமகள் யோகப்பிரியாவும் சுகம். நீங்களும் மாப்பிள்ளையும் சுகம்தானே? மேற்கொண்டு படிக்குமுன் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும்.

உங்கள் வீட்டுக்காரி, காலஞ்சென்ற தங்கச்சி கற்பகத்தின் கல்யாணப் பட்டை எங்களிடம் கொடுத்து, "வெளுத்துப் போச்சு சம்பந்தி, ஆனா நிச்சயத்துக்கு மருமக இதத்தான் கட்டணும்" என்றீர்களே, சாயப்பட்டறை மாஸ்டராக இருந்தவன் வாய் சும்மா இருக்குமா? "பழைய ஊதாவையே கொண்டாந்துடறேனுங்க" என்றேன். சேலையை விரித்துப் பார்த்தால் எங்கேயோ பார்த்த ஊதா. நல்ல பட்டென்றால் அப்படித்தான் தோன்றும்.

கடைச் சாயம் எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பட்டறை லேபில் ஜோபி சார் ஒரு வேடிக்கை காட்டுவார். கண்ணாடி மாதிரி இருக்கும் பொட்டாஷ் உப்புப் படிகத்தைத் தணலாகச் சூடாக்கி, ஊசிமுனை வழியே கரண்ட் விட்டால், முனையிலிருந்து ஊதா நிறம் புகைபோல உள்ளே படரும். மத்தியானம் சாப்பிடத் திறந்த சோத்துப் போசியை மூடிவிட்டு வாய்பிளந்து நிற்போம். என்ன நாளுங்க அதெல்லாம்!

அதையே மாட்டுக்கொட்டகையில் செய்தேன். தெருவுக்கே கரண்ட் போய், லைன்மேன் ஷைஜு ஓடிவந்து, "எந்தா சேட்டா இது?" என்று கத்தினான், ஆனால் படிகத்தைப் பார்த்ததும் அவனும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான், அதே ஊதா சம்பந்தி, அதே ஊதா, எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு, அப்படியே அள்ளி அண்டாவுல கொதிக்கிற தண்ணியில போட்டனுங்க, போட்ட நிமிசம் நிறம் மாயமாப் போச்சு! அந்த ஊதா படிகத்துக்குள்ள இருக்கற வரைக்குந்தானாம், கரைஞ்சா வெறும் உப்பாம். ஜோபி சார் இதை மட்டும் சொல்லலீங்க. கரையக் கரைய வந்துடும்னு நெனச்சு சேலையையும் முக்கினேன். இருந்த ஊதாவும் போயி, சாம்பலாட்டம் வந்துச்சு.

தங்கச்சி ஞாபகத்தை உப்புத் தண்ணியில் கரைத்த பாவி நான். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், பிள்ளைகள் கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாப்பிள்ளை அருண்பாண்டிக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சி படத்துக்கு என் பெயரில் ஒரு முழம் பூ சாத்தவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் சின்னையன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது கோமதி பீரோவைத் திறந்து காட்டினாள். தங்கச்சி சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறது! "உங்களை நம்பி அடுத்தவங்க சேலையைக் குடுப்பனாக்கும்? அன்னைக்கே மாத்தி வெச்சுட்டேன்" என்றாள். அப்படியானால் நான் முக்கியது யார் சேலை என்று கேட்டேன். "நம்ம கல்யாணச் சேலைங்க, அதுவும் ஊதாதானுங்களே. விரிச்சுப் பாத்தீங்களே, அப்பக்கூடத் தெரியலீங்களா?" என்றாள். சாம்பலான சேலையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நிச்சயத்துக்கு ஒருநாள் முன்னாலேயே வந்துவிடுங்கள் சம்பந்தி. இந்த வீட்டில் எனக்காகப் பேச ஒரு ஆள் வேணும்.