தொண்ணூற்றேழு விழுக்காடு முட்டை

சனிக்கிழமைகளில் பிரேசிலின் வார்ஜியா அல்தா ஊர்ச் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. கால்பந்து இறுதியாட்டத்துக்குக்கூட இப்படிக் கூட்டம் வந்ததில்லை. எல்லாம் பேராசிரியர் லிந்தோமார் மேடையில் வைத்திருக்கும் கணினியைப் பார்க்கத்தான். அது இணையம் முழுவதையும் ஓயாமல் படிக்கிறதாம். படித்துப் படித்து உண்மைகளைத் தானே கற்றுக்கொள்கிறதாம். அவர் எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

"பிரேசிலின் தலைநகரம்?" என்று தட்டுவார்.

"பிரசிலியா. 99 விழுக்காடு உறுதி" என்னும் திரை.

கூட்டம் ஆர்ப்பரிக்கும். இதையே பள்ளிப் பிள்ளை சொன்னபோது ஒருவரும் கைதட்டியதில்லை.

அடுத்து வியாபாரம். "சர்க்கரை நோயைக் குணமாக்குவது?"

"லிந்தோமார் மூலிகைத் தேநீர். 98 விழுக்காடு."

பஸ் ஓட்டுநர் ஒடாயிர் நான்கு பொட்டலம் வாங்கினார். இன்சுலினை நிறுத்தினார். சுகாதார நிலையத்தில் செவிலியரான அவர் தங்கை ஜசீராவுக்குச் செவ்வாயன்றுதான் விஷயம் தெரிந்தது.

"அண்ணே, சர்க்கரை நானூறைத் தாண்டிருச்சு. ஊசியைப் போட்டுக்கோ."

"போடி! நீ ரெண்டு வருஷம் படிச்சவ. அது உலகத்தையே படிச்சிருக்கு."

"எவன் எழுதினதைப் படிச்சுதாம்?"

"தொண்ணூத்தெட்டு சதவீதம்டி! நீ என்னைக்காவது அவ்வளவு மார்க் வாங்கியிருக்கியா?"

ஜசீரா இணையத்தில் தேடினாள். தேநீரைப் புகழ்ந்து ஐந்நூறு பக்கங்கள். ஐந்நூறிலும் ஒரே வாக்கியம். எல்லாவற்றின் அடியிலும் லிந்தோமார் கடையின் தொலைபேசி எண். யார் சொன்னது என்று கணினி பார்ப்பதில்லை. எத்தனை தடவை என்று மட்டும் எண்ணுகிறது. அப்படியே அண்ணன் மாதிரி.

மூன்று நாள், மதிய உணவு நேரத்தில், சுகாதார நிலையமே உட்கார்ந்து இணையத்தில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதியது. பீன்ஸ் ஆறிப்போனது. சமையல் பக்கம், கால்பந்துச் சண்டைப் பக்கம், நாய்க்குட்டி தத்துக்கொடுக்கும் பக்கம் என்று ஒன்றையும் விடவில்லை.

சனிக்கிழமை ஜசீரா கை தூக்கினாள்.

"பேராசிரியரே, இது தப்பாவே சொல்லாதா?"

"தொண்ணூத்தஞ்சைத் தாண்டிட்டா சத்தியம்மா!"

"அப்போ கேளுங்க. பேராசிரியர் லிந்தோமார் முட்டையிடுவாரா?"

கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே அவர் தட்டினார்.

"ஆம். வாரம் மூன்று. 97 விழுக்காடு."

"எனக்கு ஒரு டஜன் எடுத்து வைங்க! மாவு பிசைஞ்சு தயாரா இருக்கு" என்று கத்தினார் பலகாரக்காரர்.

"அவசரப்படுத்தாதய்யா, மனுஷன் முதல்ல உட்காரட்டும்!" என்றது இன்னொரு குரல்.

யாரோ கூடையில் வைக்கோல் போட்டு மேடைக்கு அனுப்பினார்கள்.

"எவனோ பொய்யா எழுதி வெச்சிருக்கான்!" லிந்தோமார் அலறினார். "அதுக்கு என்ன தெரியும்? எழுதினதைப் படிக்குது!"

"தேநீரைப் பத்தி எழுதினது யாரு?" என்றாள் ஜசீரா.

பேராசிரியர் மின்கம்பியைப் பிடுங்கினார். உலகத்தையே படித்த ஞானம் பட்டென்று அணைந்தது.

ஒடாயிர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடையைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார். மேடைப் படியில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கினார்.

"ஊசியைப் போடுடி. சிரிக்காமப் போடு, கை ஆடும்."

'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்க அந்தக் கணினிக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது பாவம், இயந்திரம். நமக்கு என்ன கேடு?