கம்பி முனைக்கு அடித்த வார்னிஷ்

அன்பும் பண்பும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற அளவுக்குப் பொறுமையும் நிறைந்த என் மைத்துனருக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத ஆரம்பித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுபடி திறந்திருக்கிறேன். உடம்பெல்லாம் சுகம்தான். உன் அக்காவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் உன் அக்கா தட்டை வைக்கிற சத்தத்திலேயே பாதி வயிறு நிறைந்துவிடுகிறது. விஷயம் என்னவென்றால், உன் மருமகள், நான் பெற்ற மகள், என்னோடு பேசுவதில்லை. நம் வாயாடிதான்! பல் துலக்கும்போதுகூட நுரையோடு பேசுகிற பிள்ளை. நேற்று 'அந்தக் குடத்தை நகர்த்தச் சொல்லு' என்று அம்மாவிடம் சொன்னாள், அம்மா அதை என்னிடம் சொன்னாள், மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தோம். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய். அதைக் கேட்கிற தெம்பு எனக்கில்லை. எங்கள் கடை வண்டி நாளைக் காலையில் உன் பக்கம் வருகிறது, ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன் மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து பிள்ளைக்கு ஆசையாகச் செம்புக் கம்பி கொடுத்தனுப்பினாயே, அதை மட்டமான கம்பி என்று பள்ளிக்கூடத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். நாலு பேர் என்பது பேச்சுக்குச் சொல்வது, கூடம் நிறைய ஆள். "சொந்த மச்சான்தாங்க, கழிச்சுப் போட்ட கம்பியத் தள்ளிவிட்டுட்டான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். உன் கம்பி தங்கமான கம்பி. குற்றமெல்லாம் என் கை மேல்தான், அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அறிவியல் கண்காட்சிக்கு அவள் ஒரு மின்காந்தக் கிரேன் செய்தது உனக்குத் தெரியும். நீளமான இரும்பு போல்ட்டில் உன் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, கம்பியின் இரண்டு முனைகளையும் பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் கொடுத்து, சுவிட்சைப் போட்டால் போல்ட் காந்தமாகிவிடும், அணைத்தால் மறுபடி வெறும் போல்ட். அதை ஒரு மரச்சட்டத்தில் தொங்கவிட்டு, ஒரு தட்டிலிருந்து குண்டூசிகளைத் தூக்கி, அடுத்த தட்டுக்கு நகர்த்திப் போடுவாள். வீட்டில் எத்தனை தடவை செய்து காட்டினாள் என்கிறாய்! ஊசிகள் பொலபொலவென்று கீழே விழும்போதுதான் கைதட்டுவாள். "தூக்கறதுக்குத்தானம்மா கை தட்டணும்?" என்று கேட்டேன். "தூக்கறது சாதாரணக் காந்தமே தூக்கும்பா. சொன்ன உடனே விடுது பாருங்க, அதுதான் விஷயம்" என்றாள். எனக்குப் பாதி புரிந்தது, முழுதாகப் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், எடுத்துப் போக வசதியாகக் கம்பி முனைகளைச் சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டு, சார்ட் ஒட்டுவதற்குச் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். நான் வேலையிலிருந்து வந்து சும்மா அதைப் பார்த்தேன். சும்மா பார்த்ததுதான் தப்பு. என் தொழில் உனக்குத் தெரியாததா? நாற்காலிக்கும் அலமாரிக்கும் பாலிஷ் போட்டே கை ரேகை அழிந்துபோனவன் நான். ஒரு பொருளில் சுரண்டின இடம் தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. மரச்சட்டம் பூச்சில்லாமல் வெறும் மரமாக நின்றது, அதற்கு ஒரு கை வார்னிஷ் அடித்தேன். தேன் நிறத்தில் ஜம்மென்று வந்தது. அப்புறம்தான் கம்பியைப் பார்த்தேன். கம்பி முழுக்கப் பளபளவென்று பூச்சு, ஆனால் இரண்டு முனையில் மட்டும் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, பூச்சு போய்ச் செம்பு இளித்துக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், சின்னப் பிள்ளை, கழற்றும்போது உராய்ந்துவிட்டது போலிருக்கிறது, நடுவர் கண்ணில் பட்டால் மதிப்பெண் குறைப்பார்களே என்று நினைத்து, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து இரண்டு முனைக்கும் தனித்தனியாக, திட்டு விழாமல், கடையில்கூட நான் இவ்வளவு பொறுமையாக அடித்ததில்லை, இரண்டு கை வார்னிஷ் அடித்து, மின்விசிறிக்குக் கீழே காய வைத்தேன். விடிந்ததும் பார்த்தேன், சுரண்டின தடமே தெரியவில்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. காலையில் அவள் சட்டத்தின் பளபளப்பைப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதுதான் கடைசி.

கூடத்தில் அவள் முனைகளைச் சுவிட்சில் மாட்டினாள். போட்டாள். ஒரு ஊசிகூட அசையவில்லை. பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நான் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய பேட்டரியாக வாங்கி வந்தேன். அப்போதும் ஊசி அசையவில்லை. அப்போதுதான் உன் கம்பியைப் பற்றி அந்தப் பேச்சுப் பேசினேன். நடுவர் அம்மா இரண்டு மேஜை தள்ளி வந்துகொண்டிருந்தார். பிள்ளை சிநேகிதியிடம் டெஸ்டர் கேட்கப் போயிருந்தாள். என் சட்டைப் பையில், அலமாரிக் கதவு தானாகத் திறக்காமல் பிடித்துக்கொள்ளுமே, அந்தச் சின்னக் காந்தம் ஒன்று கிடந்தது. அடுத்த நாள் ஒரு வீட்டில் மாட்ட வைத்திருந்தது. அவசரத்துக்குப் பாவமில்லை என்று அதை எடுத்துப் போல்ட்டின் தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவிட்டேன்.

அவள் திரும்பி வந்து ஒரு நம்பிக்கையில் சுவிட்சைப் போட்டு, போல்ட்டை ஊசித் தட்டுக்கு மேலே இறக்கினாள். ஊசிகள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. அவள் முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். நடுவர் அம்மாவும் சிரித்தார்.

"நல்லா இருக்கும்மா. இப்ப சுவிட்சை அணை."

"அணைச்சாச்சு மேடம்."

"அணைச்சும் ஊசி விழலையே?"

மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். பேட்டரியையே கழற்றி மேஜை மேல் வைத்தாள். ஊசிகள் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று தொங்கிக்கொண்டிருந்தன. நடுவர் அம்மா குனிந்து, விரலால் மேலே தடவி, என் காந்தத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்னம்மா?" என்றார். கடுமையாகக்கூடக் கேட்கவில்லை. பிள்ளை காந்தத்தைப் பார்த்தாள், அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள். "தெரியல மேடம்" என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேனய்யா. உன் கம்பியைத் திட்ட அவ்வளவு சத்தமாக வந்த வாய், 'அது நான் வெச்சதுங்க' என்று சொல்ல மட்டும் வரவில்லை. நடுவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பி முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நகத்தால் கீறினாள், மோந்து பார்த்தாள். "அம்மா, இதுல யாரு வார்னிஷ் அடிச்சது?" என்றாள். வீட்டில் இருப்பது மூன்று பேர், அதில் கை நாறுகிறவன் ஒருத்தன். உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "மின்சாரம் பேட்டரியில இருந்து கிளம்பி சுத்தி வந்து பேட்டரிக்கே சேரணும்மா. வழியில ஒரு முடி அளவு தடை இருந்தாலும் நின்னுடும். முனையில பூச்சு இருந்தா தடைன்னுதான் நான் தேய்ச்சு எடுத்தேன். அப்பா அதை மூடிட்டாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது செய்திருப்பேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், அறிவியல் ஆசிரியரைப் பிடித்து, காந்தம் வைத்தது நான், வார்னிஷ் அடித்தது நான், பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நல்ல மனுஷர். "வியாழக்கிழமை மறுபடி செஞ்சு காட்டட்டும், நடுவர்கிட்ட நானே பேசுறேன். நீங்க வர வேண்டாம்" என்றார். கடைசி வரியை இரண்டு தடவை சொன்னார்.

இதோடு நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. செய்த பாவத்தை நானே கழுவ வேண்டும் என்று ஒரு வீம்பு. முனையில் பூச்சு இருப்பது தப்பு என்றால், தேய்த்துவிட்டால் தீர்ந்தது. தேய்ப்பது நம் தொழில். அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் சுற்றைப் பிரித்து, உன் கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உப்புத்தாளால் தேய்த்தேன். முனையை மட்டும் தேய்த்தால் போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத்தான் வீட்டில் யாரும் பேசுவதில்லையே! செம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. நெருக்கமாகத் திரும்பச் சுற்றி, பேட்டரியில் கொடுத்தேன். போல்ட் ஒரே ஒரு ஊசியை அரைமனதாகத் தொட்டது. கம்பி மட்டும் கொதித்தது, விரல் சுட்டுவிட்டது. அவள் வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு, வழக்கம்போல அம்மாவிடம் சொன்னாள்: "பூச்சு இருந்தாத்தான் மின்சாரம் ஒவ்வொரு சுத்தா சுத்தி வரும். இல்லன்னா ஒரு சுத்துல இருந்து பக்கத்துச் சுத்துக்குக் குறுக்க தாவிடும். அப்புறம் அது எப்படிம்மா காந்தமாகும்?" ஆக, வேண்டாத இடத்தில் பூச்சு அடித்தவனும் நான், வேண்டிய இடத்தில் எடுத்தவனும் நான்.

அதனால் மச்சான், உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். வியாழனுக்கு முன்னால் அதே கம்பியில் ஒரு சுருள் எடுத்துக்கொண்டு நீயே நேரில் வா. வந்து உன் கையால் சுற்றிக் கொடு. அப்படியே உன் மருமகளிடம் எனக்காக நாலு வார்த்தை பேசு. நீ சொன்னால் கேட்பாள். நான் இனி இந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் வார்னிஷ் அடிப்பதில்லை என்று முடிவு செய்து, பிரஷ்களையும் டப்பாவையும் உன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் கடைக்கு வரும் மோட்டாரெல்லாம் புகையாமல் ஓடட்டும், ஆனால் உன் பிழைப்புக்கு வேண்டிய அளவு மட்டும் புகையட்டும்.

இப்படிக்கு,
பிரஷ்ஷைத் துறந்த உன் அத்தான்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கம்பியும் வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது பால்கனியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். உன் மருமகள் தேய்த்த கம்பியை முழுக்கப் பிரித்து, துணி காயப்போடும் கொக்கிகளுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அம்மாவிடம் சாவியை வாங்கி, வார்னிஷ் டப்பாவையும் அந்த மெல்லிய பிரஷ்ஷையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இத்தனை நாளுக்கு அப்புறம் நேராக என் முகத்தைப் பார்த்து, "திட்டு விழாம ரெண்டு கை அடிங்கப்பா. முனை ரெண்டையும் விட்டுடுங்க" என்றாள். அடித்து முடித்துவிட்டேன். காய்ந்ததும் அவளே சுற்றுவாளாம். இப்போது என் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள், பேச்சு இன்னும் அவ்வளவாக இல்லை. கம்பி முழுக்க மினுமினுவென்று வந்திருக்கிறது. அந்த இரண்டு முனை மட்டும் வெறும் செம்பாக இளித்துக்கொண்டு நிற்கிறது மச்சான், பார்க்கச் சகிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.